தலசீமியாப் பிள்ளைகளுக்காக, தங்கச்சிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சி,

நலம்தானே? ஏற்றிய இரத்தத்தைச் சிலருடைய உடல் ஏன் எதிர்க்கிறது என்பதைத்தான் நீங்கள் ஆராய்கிறீர்கள் என்று கல்லடியில் கண்டபோது உங்கள் அம்மா சொன்னார். எனக்குப் பெரிய சந்தோசம். இரத்த வங்கியில் எங்களை நித்திரை கொள்ள விடாத கேள்வியே அதுதான்.

ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோயான தலசீமியாவோடு வாழும் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம், அதனால் சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து, வாழ்நாள் முழுக்க. ஏ, பி, ஓ வகையும் ஆர்எச் பொசிட்டிவ், நெகட்டிவ்வும் பொருந்தினால் போதும் என்றுதான் சனம் நினைக்கிறது. ஆனால் பெரிய சி, சின்ன சி, பெரிய ஈ, கெல், கிட் என்று செங்குருதிக் கலத்தின் மேல் ஆளுக்கு ஆள் வேறுபடும் அடையாளங்கள் இன்னும் எத்தனை! வாழ்க்கையில் ஒருமுறை இரத்தம் ஏற்றுபவருக்கு இது பெரும்பாலும் பிரச்சினையில்லை. மாதா மாதம் வேறு வேறு ஆட்களின் இரத்தம் ஏறும் பிள்ளைக்கு அப்படியில்லை. தன்னிடம் இல்லாத அடையாளத்தைக் கண்டு, அதைத் தாக்கும் பிறபொருளெதிரியை அந்த உடல் உருவாக்கிவிடலாம்.

பையில் உள்ள இரத்தம் பிள்ளைக்குப் பொருந்துமா என்று பார்க்கும் ஜெல் கார்டைச் சுழற்றி எடுத்தால், பொருந்துகிற இரத்தம் அடியில் சிவப்புப் பொட்டாக இறங்கியிருக்கும். பொருந்தாதது மேலே கோடாக நின்றுவிடும். கோட்டைக் கண்டால் அடுத்த பை, அதற்கடுத்த பை என்று தேடுவோம். வார்ட்டில் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். 1945இல் பிரித்தானிய விஞ்ஞானி கூம்ஸும் அவரோடு வேலை செய்தவர்களும் தந்த சோதனையின் வழியில்தான் இன்றும் இதைச் செய்கிறோம். அருமையான சோதனை.

ஆனாலும் அதற்கும் அகப்படாத ஒன்று உண்டு. உருவான பிறபொருளெதிரி சில மாதங்களில் மங்கிவிடும். அதை மறுபடி உருவாக்கத் தெரிந்த நினைவுக் கலங்கள் மட்டும் அப்படியே இருக்கும். கார்ட் கோடில்லாமல் சுத்தமாக இருக்கும், நம்பி ஏற்றுவோம். ஒரு கிழமை, பத்து நாளில் பிள்ளையின் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, ஏற்றிய இரத்தமெல்லாம் உடைந்து போகும். அம்பாறையில் ஒருமுறை கண்டுபிடித்ததை மட்டக்களப்பில் இருப்பவர் அறியாவிட்டால் நடப்பது இதுதான். வெள்ளத்தில் கிளினிக் கொப்பியைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் கொஞ்சமா?

2023 நவம்பரில் பிரித்தானியா தலசீமியாவுக்கான கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தபோது நானும் மகிழ்ந்தேன். பிறந்த பிறகு அடங்கிப்போகும் சிசு ஹீமோகுளோபினை மறுபடி எழுப்பும் வித்தை அது. ஆனால் அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். வாகரையில் இருந்து விடியற்காலை பஸ் ஏறி வரும் தாயிடம் அதைப் பற்றி எந்த வாயால் பேசுவது?

அதனால்தான் உங்கள் வேலை பெரிதாகத் தெரிகிறது. நிறைய இரத்தம் ஏற்றியும் பெரும்பாலானவர்களுக்குப் பிறபொருளெதிரி வருவதில்லை. சிலருக்கு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால், மிக நெருக்கமாகப் பொருந்தும் பைகளை அவர்களுக்கென்று ஒதுக்கி வைக்கலாம். மேல்நாட்டு ஆய்வுகளில் பல, செங்குருதிக் கலம் அரிவாள்போல் வளையும் அரிவாட்கல நோய் உள்ளவர்களை வைத்துச் செய்யப்பட்டவை. அங்கே நோயாளி பெரும்பாலும் ஆபிரிக்க வம்சாவளி, இரத்தம் கொடுப்பவர் ஐரோப்பிய வம்சாவளி; அதனால் அந்த அடையாளங்கள் கூடுதலாக வேறுபடும். இங்கே கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே மண்ணின் சனம். அந்த முடிவுகளை அப்படியே நமக்கு எடுத்துக்கொள்ள முடியாது. நம் பிள்ளைகளையும் உங்கள் ஆய்வில் சேர்க்க வழியிருந்தால் தயவுசெய்து பேராசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை நம்மால் முடிந்ததும் இருக்கிறது. முதல் பை ஏற்றுவதற்கு முன்பே பிள்ளையின் ஆர்எச், கெல் வகைகளை முழுமையாகப் பார்த்துவிட வேண்டும். பிறகு வந்த பிறபொருளெதிரிகளை எழுதிய அட்டையொன்று தாயின் கையில் எப்போதும் இருக்க வேண்டும். அந்த அட்டையைப் பற்றித் தாய்மாருக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் எழுதி அனுப்புவீர்களா? இந்தப் பக்கத்துப் பேச்சிலேயே எழுதுங்கள். அச்சடிக்கும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
இரத்த வங்கி அண்ணன்