லேபிளை வெட்டிவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த, மைக்ராஸ்கோப்பில் எடுத்த முக்கோண டயாட்டம் படம் அபாரம். பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முறை பார்த்தேன். ஆனால் கீழே ‘பழைய ஸ்லைடில் கண்ட நுண்ணுயிர்ப் படிவம்’ என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கண்ணாடி ஸ்லைடில் இருப்பது எந்த ஊர் மண்ணில் கிடைத்தது, ஸ்லைடைச் செய்தவர் யார்? அதெல்லாம் ஓரத்து லேபிளில் இருந்திருக்கும். படத்தை வெட்டியபோது அதுவும் போயிருக்கும்.

எட்டு வருடமாக நானும் இந்த ஸ்லைடுகளைத்தான் படமெடுக்கிறேன். டயாட்டம் ஒற்றைச் செல் பாசி. மூடி போட்ட டப்பா மாதிரி சிலிக்காவில் ஓடு கட்டிக்கொள்ளும். பாசி செத்தாலும் ஓடு மண்ணில் கிடக்கும். என்னிடம் உள்ள ஒன்றில் மங்கிய பழுப்பு மையில் ‘ஓமாரு’ என்று எழுதியிருக்கிறது. நியூசிலாந்தின் தெற்குத் தீவில் உள்ள ஊர். அந்த டயாட்டம் மண்ணுக்கு வயது சுமார் 3.5 கோடி ஆண்டு. 1880-களில் அது வெளியே தெரிந்ததும் ஸ்லைடு சேர்ப்பவர்களிடம் ஏக கிராக்கி. அந்த ஒரு சொல் இல்லையென்றால் என் கையில் இருப்பது வெறும் அழகான கண்ணாடித் துண்டு.

ஸ்லைடு செய்தவர்களும் சாமானியர்கள் இல்லை. ஜெர்மனியில் வேடெல் ஊரைச் சேர்ந்த மோல்லர் ஒரே ஸ்லைடில் 4,000-க்கும் மேற்பட்ட டயாட்டம்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார். எனக்கோ ஊசியில் நூல் கோர்க்கவே நாலு தடவை ஆகிறது.

படமெடுப்பதும் லேசில்லை. இன்றைய லென்ஸ்கள் 0.17 மி.மீ. கவர் கிளாஸுக்கு, அதாவது டயாட்டம் மேல் மூடும் மெல்லிய கண்ணாடிக்கு, கணக்குப் பண்ணியவை. அந்தக் காலத்துக் கண்ணாடி பல சமயம் அதைவிடத் தடிமன். படத்தில் பனி படர்ந்தாற்போல் ஒரு மங்கல் வரும். கண்ணாடித் தடிமனுக்கேற்பத் திருத்தும் வளையம் உள்ள லென்ஸாக இருந்தால் திருகித் திருகிச் சரிசெய்யலாம். ஓடு தட்டையாகவும் இருக்காது. ஃபோகஸைத் துளித்துளியாக நகர்த்தி நாற்பது, ஐம்பது படம் எடுத்து, அப்புறம் கணினியில் ஒன்றாக்க வேண்டும்.

ஆரம்பத்தில் ஒரு தப்புப் பண்ணினேன். தூசி போகட்டும் என்று ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு ஸ்லைடைத் துடைத்தேன். கவர் கிளாஸைச் சுற்றிப் பூசியிருந்த அரக்கு பிசுபிசுவென்று இளகியது. லேபிளின் ஊதா மையும் துணியோடு வந்துவிட்டது. ஊர்ப் பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். உள்ளே ஒன்பது டயாட்டம்கள் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன, எந்த ஊர்க்காரர்கள் என்றுதான் தெரியாது. அன்றிலிருந்து எந்த ஸ்லைடை எடுத்தாலும் முதல் படம் லேபிளுக்குத்தான்.

இனி இப்படிப் படம் வந்தால் மூலையில் தபால்தலை அளவுக்காவது லேபிளையும் போடுங்கள். போன ஞாயிறு படத்தை அனுப்பியவரிடம் லேபிளில் என்ன இருந்தது என்று கேட்டு எழுதினால் நன்றாயிருக்கும். எனக்கென்னவோ அதுவும் ஓமாருதான் என்று சந்தேகம்.

இப்படிக்கு,
ஸ்லைடு சேர்க்கும் ஒரு வாசகர்