மாத்திரையைக் கூட்டினால் அடங்கிவிடுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், 'லூபஸ்காரர்களுக்கு எலும்பு வலி புதிதல்ல, ஸ்டீராய்டைக் கொஞ்சம் கூட்டினால் அடங்கிவிடும்' என்று ஒரு வரி. எழுதிய புண்ணியவான் என் தங்கையின் காலை ஒருமுறை பார்த்திருக்கலாம்.

அவளுக்கு 9 வருடமாக லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். அதை அடக்கத்தான் ஸ்டீராய்டு மாத்திரை. பர்மாவில் பெகு பக்கம் வயல். போன மழையில் நாற்று நட்டுவிட்டு வந்தவளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி. லூபஸ்தான் கிளம்பிவிட்டது என்று மாத்திரையை இரண்டு மடங்காக்கினார்கள். காய்ச்சல் இல்லையே என்று நாங்களும் சும்மா இருந்தோம். ஸ்டீராய்டு காய்ச்சலையும் அமுக்கிவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. எலும்பு அரித்தால் எக்ஸ்ரேயில் தெரிய 10 நாள், 2 வாரம் ஆகுமாம். கால் வீங்கிப் பளபளத்த பிறகுதான் சீழ் எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்குப் போனது. வெளிக்கிருமி ஏதோ கலந்திருக்கிறது என்று முதல் ரிப்போர்ட். இரண்டாவதில்தான் மெலியாய்டோசிஸ் என்று வந்தது.

சேற்றிலும் தேங்கிய தண்ணீரிலும் இருக்கிற கிருமி. சர்க்கரை உள்ளவர்களையும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களையும் தேடிப் பிடிக்கும். இதை உலகத்துக்கு முதலில் சொன்னது நம் ரங்கூன்தான் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1912இல் டாக்டர் விட்மோர் துரையோடு சேர்ந்து அதை எழுதியவர் பெயர் கிருஷ்ணசாமி. 'நம்மவர் சாதனை' என்று மாதம் தவறாமல் சிங்கப்பூர்க்காரரையும் சென்னைக்காரரையும் போடுகிறீர்கள். கிருஷ்ணசாமிக்கு அரைப் பக்கம் கிடைக்கவில்லை.

எங்கள் கோவில் தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் இல்லை என்று இரண்டு முறை எழுதினேன், ஒரு வரி பதில் இல்லை. தீமிதிப் படத்தில் தலைவர் பெயர் தப்பியதற்கு மட்டும் மறு இதழிலேயே பெட்டி கட்டி வருத்தம் தெரிவித்தீர்கள். தலைவர் அல்லவா!

தங்கைக்கு 6 வாரம் நரம்பில் ஊசி, பிறகு 6 மாதம் மாத்திரை. கால் தப்பியது. வயலில் பாதி அடகில். சரி, அது எங்கள் பாடு.

நான் கேட்பது அதே அளவில் ஒரு பெட்டி. 'ஸ்டீராய்டு, மெதோட்ரெக்ஸேட் போன்ற எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே இடத்தில் எலும்பு வலி விடாமல் இருந்தால், மருந்தைக் கூட்டுமுன் கிருமி உண்டா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். காசநோயாகவும் இருக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தவும் கூடாது' என்று போட்டால் போதும். தலைவர் பெயரைவிட இரண்டு வரி கூடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
தன்லின்

பி.கு.: சந்தா பாக்கி என்று நினைவூட்டல் வந்தது. பிப்ரவரியிலேயே கட்டிவிட்டேன், ரசீது என்னிடம் இருக்கிறது.