போட்டி முடிந்த பிறகாவது டெஸ்ட் கேஸைக் காட்டுங்கள்

கல்லூரிக் கோடிங் போட்டியை நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். சென்ற போட்டியின் இரண்டாவது கணக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன். அதில் பிள்ளைகளின் விடையைத் தவறு என்று காட்டிய டெஸ்ட் கேஸை, அதாவது புரோகிராமைச் சோதிக்க நீங்கள் கொடுக்கும் எண்களையும் அதற்கு எதிர்பார்க்கும் விடையையும், போட்டி முடிந்த பிறகும் காட்ட மறுக்கிறீர்கள். பிள்ளைகள் அனுப்பிய மெயில்கள் உங்களிடம் இருக்கின்றன.

தக்கலையில் என்னிடம் மாலையில் கோடிங் படிக்க வரும் பிள்ளைகளில் ஒருத்தி குலசேகரத்துக்காரி. ஒரு வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் எண்களைக் கூட்டினால் கிடைக்கும் மிகப் பெரிய தொகை எது என்ற பழைய கணக்குதான் அது. கேள்வியோடு கொடுத்த சாம்பிளுக்கெல்லாம் அவள் விடை சரி, ஏழாவது டெஸ்ட் கேஸில் மட்டும் 'தவறான விடை'. லட்சம் எண்கள், ஒவ்வொன்றும் லட்சம் வரை என்றால் கூட்டுத்தொகை 1000 கோடியைத் தொடும். முழு எண்ணை வைக்கும் 'இன்ட்' வகை 2147483647-க்கு மேல் தாங்காது. அதைவிடப் பெரிய எண்ணைத் தாங்கும் 'லாங் லாங்' வகையைப் போட்டாள். மறுபடியும் அதே ஏழாவதில் தவறு. நேரம் முடிந்துவிட்டது.

அப்புறம் வீட்டில் உட்கார்ந்து, எல்லா விதத்தையும் கூட்டிப் பார்க்கும் மெதுவான கோடு (புரோகிராம்) ஒன்றை எழுதி, ரேண்டமாக எண்களைக் கொடுத்து அதையும் அவள் கோடையும் ஒப்பிட்டோம். வித்தியாசமே இல்லை. எல்லா எண்களும் மைனஸாக இருந்தால் விடையும் மைனஸாகத்தான் வர வேண்டும், ஏனென்றால் ஓர் எண்ணையாவது எடுக்க வேண்டும் என்று கேள்வியிலேயே இருக்கிறது. உங்கள் விடைத்தாளில் அந்த இடத்தில் 0 இருக்கிறதோ என்பது என் சந்தேகம். தப்பாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?

ஏழாவதைக் காட்டச் சொன்னதற்கு வந்த பதில்: 'மறைவான டெஸ்ட் கேஸ்களைப் பகிர இயலாது.' திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலில் திறக்காமலே இருக்கும் பி நிலவறையைத் திறக்கச் சொல்லவில்லை ஐயா, ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத்தான் கேட்டோம்.

கோடிங் போட்டிகள் நடத்தும் கோட்ஃபோர்சஸ் தளத்தில் போட்டி முடிந்ததும் டெஸ்ட் கேஸையும் அடுத்தவர் கோடையும் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கான கோடிங் போட்டியான சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடிலும் டெஸ்ட் டேட்டாவை வெளியிடுகிறார்கள். இங்கே, போட்டி முடிந்த மறுநாள் வாட்ஸ்அப்பில் தீர்வைப் பேசியதற்கே 'காப்பி' என்று எச்சரிக்கை. போட்டி நடக்கும்போது பேசினால் காப்பி, ஒத்துக்கொள்கிறேன். முடிந்த பிறகு பேசினால் அதற்குப் பெயர் படிப்பு. அடுத்த வருடமும் இதே கணக்கைப் போடும் உத்தேசம் இருந்தால் மட்டும் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது.

இன்டர்வியூவுக்காக ராத்திரி முழுக்க ரயிலில் சென்னைக்குப் போகிற பிள்ளைகள் இவர்கள். கோடு எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று அங்கே கேட்பார்கள். 'ஏழாவதில்' என்றா சொல்வார்கள்?

சரி, கோபத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்ததும் டெஸ்ட் கேஸ்களையும், எதிர்பார்த்த விடைகளையும், உங்கள் சொந்தக் கோடையும் வெளியிடுங்கள். தீர்வைப் பற்றிப் பேசுவதற்குத் தடை போடாதீர்கள். அந்த ஏழாவதை ஒரு தடவை சரிபாருங்கள். பிழை உங்கள் பக்கம் என்றால், இன்டர்னல் மதிப்பெண் போடும் முன் எல்லோருடைய கோடையும் மறுபடி ஓட்டித் திருத்தும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தக்கலையிலிருந்து ஒரு புரோகிராமர்