செவிலியர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, நோயாளியின் படுக்கையருகே பணிபுரியும் செவிலியர்மீது கருவிகளைக் கட்டி மேய்க்கும் வேலை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கண்டறிவதே இவ்வாண்டில் நம் முதற்பணியாக இருந்தது. அதற்காகச் செயற்குழுவினர் வார்டுகளில் முழு ஷிஃப்ட் உடனிருந்து பார்த்தோம்.

ஓர் இரவுப் பணியில் நான் நேரில் கண்டதைச் சொல்ல வேண்டும். மானிட்டரில் இரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் பார்த்த செவிலியர், கணினி வார்டின் மறுகோடியில் இருந்ததால், அந்த எண்களை மைக்ரோபோர் டேப்பில் எழுதித் தம் மேலங்கியில் ஒட்டிக்கொண்டார். அதற்குள் அடுத்த படுக்கையில் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தும் சிரிஞ்ச் பம்ப் ஒலித்தது. மடங்கியிருந்த குழாயை நேராக்கித் திரும்பும்போது இன்னொரு பம்பில் பேட்டரி இறங்கியிருக்க, சார்ஜர் கேட்டுப் பக்கத்து வார்டுக்கு ஓடினார். டேப்பிலிருந்த எண்கள் கணினியில் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இதை அவருடைய தாமதம் என்று எழுத என் மனம் ஒப்பவில்லை. மானிட்டரிலிருந்து கணினிக்கு நேரடி இணைப்பு இருந்திருந்தால் அந்த டேப்புக்கே வேலை இருந்திராது.

இத்தகைய மருத்துவக் கருவிகள் எழுப்பும் அலாரங்களில் 72 முதல் 99 விழுக்காடு வரை பொய்யானவை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஓயாமல் ஒலிப்பதைக் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போவதால் உண்மையான ஆபத்தும் தவறிவிடக்கூடும் என்பதற்காகவே, மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் அமெரிக்காவின் ஜாயின்ட் கமிஷன் 2014இல் அலாரம் மேலாண்மையைத் தேசிய நோயாளிப் பாதுகாப்பு இலக்குகளில் சேர்த்தது. நாமும் இதயத்துடிப்பைக் கண்காணிக்க உடலில் ஒட்டும் இசிஜி எலக்ட்ரோடுகளைத் தோலைத் துடைத்து நாள்தோறும் மாற்றுவது, மருத்துவரின் உத்தரவோடு அலாரம் எல்லைகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்ப அமைப்பது ஆகிய இரண்டையும் சில வார்டுகளில் தொடங்கினோம். இரவில் வார்டு அமைதியாகியிருப்பதாக அங்குள்ள உறுப்பினர்கள் தெரிவித்துள்ளனர்.

பம்புகளைச் சார்ஜ் செய்து, சரிபார்த்து, ஷிஃப்ட் தொடங்குமுன் வார்டில் சேர்க்கும் பொறுப்பை, மருத்துவக் கருவிகளைப் பராமரிக்கும் பயோமெடிக்கல் பிரிவே ஏற்க வேண்டும் என்ற நம் கோரிக்கையை நிர்வாகம் சோதனை முறையில் ஏற்றுக்கொண்டது. பயிற்சி வகுப்புகள் திட்டமிட்டபடி நடந்தன.

மருந்து கொடுக்குமுன் நோயாளியின் கைப்பட்டையிலுள்ள பார்கோடை ஸ்கேன் செய்யும் விஷயத்தில் மட்டும் நமக்கு மனநிறைவில்லை. கசங்கிய கைப்பட்டையை ஸ்கேனர் படிக்காதபோது, அதன் நகலை மேசையில் ஒட்டி வைத்து ஸ்கேன் செய்யும் வழக்கம் ஓரிடத்தில் இருந்தது. மருந்து உரிய நோயாளிக்குத்தான் போகிறதா என்று சரிபார்க்கும் நோக்கமே இதனால் அடிபட்டுப்போகிறது. உறுப்பினர்கள் இதை உடனே கைவிட வேண்டும். அதேவேளை, படிக்காத ஸ்கேனரைக் கொடுத்துவிட்டு அவர்களைக் கடிந்துகொள்வதும் முறையன்று.

புதிய கருவி வாங்கும் குழுவில் வார்டுச் செவிலியர் ஒருவருக்கு இடம் தர வேண்டும் என்ற கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை. புதிய செயற்குழு இதை முதல் வேலையாக எடுத்துக்கொள்ளக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்