சிவப்புத் துண்டும் பால்மரக் காடும்

சுங்கை சிப்புட்,
பேராக், மலேசியா.

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையில் ஓநாயைப் புலியாக்கி நம் ரப்பர் தோட்டத்தில் நடப்பதாக நீ எழுதிய படக்கதைப் பிரதியும் கிடைத்தன. இங்கே எல்லாரும் சுகம். நாலு நாளாகப் பிற்பகலானால் மழைதான். மழைக்குப் பேர்போன தைப்பிங்வாசியிடம் போய் மழையைப் பற்றிச் சொல்கிறேன் பார்! பேத்தி படம் போடப் போகிறாள் என்றதில் உன்னைவிட எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அவள் தூரிகையைத் தொடுமுன் உனக்கு ஒரு வேலை இருக்கிறது. கதையைப் பாதிக்கு மேல் வெட்டு.

கோபித்துக்கொள்ளாதே. எண்ணிப் பார்த்தேன், 1,400 சொல் வருகிறது. படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். பெரிய தாளின் இரு புறமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம், அப்படி இரண்டு தாள். முதல் மூன்று பக்கம் தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் போய்விடும். 4-5 தொடங்கி 30-31 வரை எதிரெதிர்ப் பக்கங்களாக 14 ஜோடி, கடைசியில் 32 தனியாக. ஜோடிக்கு 30 சொல் என்றால் 420தான். தமிழ்ச் சொல் நீளமானது. அதற்கு மேல் போனால் எழுத்து படத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

எதை வெட்டுவது என்று கேட்பாய். 'அடர்ந்த பச்சை மரங்களின் நடுவே சிவப்புத் துண்டு கட்டிய சிறுமி நடந்தாள்' என்ற வரி முழுவதும் வேண்டாம். அதைத்தான் அவள் வரையப் போகிறாள். தூரிகைக்கு எட்டாததை நீ வைத்துக்கொள்: சத்தம், வாசம், பேச்சு, 'மூன்று நாளாக' என்பது போன்ற காலக் கணக்கு. காய்ந்த ரப்பர் காய் படீரென்று வெடித்து விதை தெறிக்குமே, அது உன் பங்கு. சிறுமி திரும்பிப் பார்க்கிறாள். 'ரப்பர் காய்தான்' என்று மட்டும் நீ எழுது. படத்தில் மரத்துக்குப் பின்னால் புலியின் வால்நுனி தெரியட்டும். படிக்கத் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் படித்துக்காட்டும் அப்பாவைவிட அதிகம் தெரியும்.

பக்கம் புரட்டுவதும் கதையில் ஒரு பகுதிதான். பாட்டி வீட்டுக் கதவைத் தட்டுவது வலப்பக்கமாக, ஒற்றைப்படை எண்ணில் முடிய வேண்டும்; திறப்பது புரட்டிய பிறகு. உன் பிரதியில் இரண்டும் ஒரே பத்தியில் கிடக்கின்றன. சிறுமி போகும்போது இடமிருந்து வலமாக நடக்கட்டும், புலி வலப்பக்கத்திலிருந்து எதிர்ப்படட்டும். வீடு திரும்பும்போது மட்டும் வலமிருந்து இடம்.

ஓநாய் திரிந்த காட்டைத் தோட்டமாக்கியது நல்ல யோசனை. மாற்றியதை அரைகுறையாக விடக் கூடாது. ரப்பர் மரத்தில் பால்வெட்டு விடியுமுன் தொடங்கும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். நண்பகலுக்குள் பால் எடுத்து முடிந்து காடு வெறிச்சோடிவிடும். சிறுமி புலியைச் சந்திப்பதை நீ காலையில் வைத்திருக்கிறாய். சுற்றிலும் ஆட்கள் இருக்கும் நேரத்தில் புலி எப்படிப் பேச்சுக் கொடுக்கும்? பிற்பகலுக்கு மாற்று. மரத்தில் பால் வடியும் கிண்ணமான மங்கில் மிச்சப் பால் உறையத் தொடங்கியிருப்பதை வரைந்தாலே நேரம் தெரிந்துவிடும், நீ எழுத வேண்டியதில்லை.

பேத்தியிடம் இவற்றையும் சொல். ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாக இருக்கும். தனி இலையாகப் போட்டால் மாமரமாகிவிடும். வெட்டுக்கோடு மரத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் மேலேயிருந்து வலப்பக்கம் கீழே சரியும், ஏறக்குறைய 30 பாகை, மரத்தில் பாதிச் சுற்று. இதைத் திருப்பிப் போட்டால் இந்த ஊரில் எந்தப் பாட்டியும் கண்டுபிடித்துவிடுவாள். பிப்ரவரி, மார்ச் இலையுதிர்காலத்தில் கதையை வைக்காதே. இலை மஞ்சளும் செம்மையுமாக மாறும், சிவப்புத் துண்டு அதில் காணாமல் போகும். சில மாதம் கழித்துக் காய் வெடிக்கும் பருவம்தான் சரி. அந்தச் சிவப்பு வேறெங்கும் வரக்கூடாது, செம்பருத்தியும் துருப்பிடித்த தகரக் கூரையும் உட்பட. புலியின் செம்மஞ்சளும் அதோடு போட்டி போடும். மங்கிய காவியாக அடக்கச் சொல். பாட்டிக்குக் கஞ்சி போகும் தூக்குச்சட்டி ஒரு பக்கத்தில் மூன்றடுக்கு, இன்னொன்றில் இரண்டடுக்கு என்று வந்தால் பிள்ளைகள் உடனே கேட்பார்கள். முதலிலேயே சிறுமி, புலி, சட்டி மூன்றையும் முன், பக்கவாட்டு, பின் தோற்றமாக ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால் இந்த வம்பே இல்லை.

முடிவை எப்படிக் காட்டுவது என்று நீ கேட்டது நியாயம். 1697இல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ அச்சிட்டபோது சிறுமியை ஓநாய் தின்பதோடு கதை முடிந்தது, காப்பாற்ற யாரும் வரவில்லை. 1812இல் ஜெர்மானியரான கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட கதையில் வேட்டைக்காரர் வந்து ஓநாயின் வயிற்றைக் கிழிக்கிறார், அதில் கல்லை நிரப்புகிறார்கள். எழுத்தில் அது வேடிக்கையாகக் கடந்துபோகும், படத்தில் கடக்காது. சாத்திய கதவு, அதன் கீழிடுக்கில் வெளிச்சம், வாசலில் குவிந்த கல். அவ்வளவு போதும்.

இனித் தாள். நம் இரண்டு ஊருக்கும் பொதுவான எதிரி ஈரம். நீர்வண்ணத்துக்குச் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாள் வாங்கியிருக்கிறாள் என்றாய், நல்லது. ஆனால் ஈரக்காற்றில் திறந்து கிடந்தால் தாளின் மேலுள்ள பசைப்பூச்சு கெட்டு, வண்ணம் ஒற்றுத்தாளில் போல உள்ளே இறங்கிவிடும். மூலையில் ஒரு துளி நீர் விட்டுப் பார்க்கச் சொல். துளி உருண்டு நிற்காமல் கறுத்துப் பரவினால் அந்தத் தாள் ஒத்திகைக்குத்தான். மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பொட்டலத்தோடு வைக்க வேண்டும். வண்ணத்தட்டை உலராமல் மூடினால் பூஞ்சை பிடிக்கும், வண்ணத்தில் கலந்த பிசின் அதற்குத் தீனி.

மென்மையான வெளிர்ப்பூச்சை ஸ்கேனர் தின்றுவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவதைவிட ஒரு சாயல் அழுத்திப் பூசட்டும். பளிச்சென்ற பச்சை அச்சில் மங்கும். ஆங்கில ஓவியர் ஆர்தர் ராக்கம் 1909இல் கிரிம் கதைகளுக்குப் போட்ட வண்ணப்படங்களைப் பார், மங்கிய பழுப்பு நிறங்களை மைக்கோடு தாங்கி நிற்கும். அந்தக் கால மூன்று வண்ண அச்சு எதைக் கெடுக்கும் என்று தெரிந்து வரைந்தவர் அவர்.

மற்றவை சுருக்கமாக: நாற்புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வரைய வேண்டும், அது அச்சான பின் ஓரம் வெட்டும்போது போகும். நடுமடிப்புக்கு இருபுறமும் ஒரு சென்டிமீட்டருக்குள் முகம் வரக்கூடாது. எழுத்தைப் படத்தில் கையால் எழுதவே கூடாது. எழுத்து தனிக் கறுப்பு மையில் இருந்தால் நாளைக்கு மலாய்ப் பதிப்புக்குக் கறுப்பு அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். வரி இடைவெளியைத் தாராளமாக விடு, இல்லாவிட்டால் மேல்வரியின் 'கூ' கீழ்வரியின் 'கீ' தலையில் இடிக்கும்.

ஏ4 தாள் எட்டு எடு, ஒன்றாக மடித்து நடுவில் ஊசி அடி, 32 பக்கம் வந்துவிடும். வெட்டியது போக மீந்த வரிகளை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டி, பென்சிலில் கிறுக்கலாகப் படம் போட்டு அனுப்பச் சொல். பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பு, இங்கே அஞ்சல்பெட்டி ஒழுகுகிறது.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்