குழாய் போன வழியைக் காட்டிய அண்ணனுக்கு

ஊர்ச் சொந்தங்களுக்கு வணக்கம்.

நேற்றுக் குடியரசு நாள் கிராம சபையில் நம் ஊராட்சி வளர்ச்சித் திட்டம் தீர்மானமாகிவிட்டது. கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள் (குறைவெண்) கூடி, பதிவேட்டில் கையெழுத்தும் கைநாட்டும் விழுந்து முடிகிற வரைக்கும் எனக்கு நம்பிக்கை இல்லை. கடந்த சில வாரங்கள் எப்படிப் போயின, எங்கெங்கே இழுபட்டது, கடைசி நேரத்தில் என்ன நடந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதைத் திரும்பக் கிளற மனமில்லை. சரியாகத் தூங்காத தலையோடு எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நன்றி நம் தொட்டி அண்ணனுக்கு.

காகிதத்தில் அவர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி இயக்குபவர். நமக்குத் தண்ணீர் திறந்து விடுகிறவர். தண்ணீர் வந்தால் அவர் ஞாபகம் யாருக்கும் வராது, வராவிட்டால் முதல் வசவு அவருக்குத்தான். திட்டக் குழுவில் அவர் பெயர் கிடையாது. தெருத் தெருவாகக் கோரிக்கை எழுதிக்கொண்டிருந்த அன்று, ஊராட்சி அலுவலக வாசலில் சைக்கிளைப் பிடித்தபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாத் தெருக்காரர்களும் ஒரே குரலில் புதுத் தொட்டி கேட்டார்கள். கூட்டம் கலைந்ததும் மெதுவாக என்னிடம் வந்தார்.

"தொட்டி கேக்குறீங்க, சரி தங்கச்சி. அந்தத் தண்ணி எது வழியா இறங்கப் போகுதுன்னு பாத்தீங்களா?"

யாரும் பார்த்திருக்கவில்லை. பார்க்க வழியும் இல்லை. நிலத்துக்கு அளவு காட்டும் புலப்படம் இருக்கிறது, யாருடையது என்று சொல்லும் அ-பதிவேடு இருக்கிறது, வீட்டுக்கு வரிப் பதிவேடு இருக்கிறது. தரைக்கு அடியில் குழாய் எங்கே போகிறது என்பதற்கு மட்டும் நம் ஊராட்சியில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அது முழுக்க அவர் தலைக்குள் இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் விட்டு முடித்த கையோடு வந்துவிட்டார். ஒரு கையில் வால்வு திருப்பும் நீளச் சாவி, இன்னொரு கையில் ஒரு பை சுண்ணாம்புத் தூள். தொட்டியடியில் ஆரம்பித்து, குழாய் போகிற வழியெல்லாம் தூளைத் தூவிக்கொண்டே நடந்தார். பள்ளிப் பிள்ளைகள் பின்னாலேயே நோட்டில் வரைந்துகொண்டு போனார்கள். எந்தக் குழாய் எப்போது போட்டது, எது யார் வீட்டுக் கல்யாணத்துக்காக அவசரமாக நீட்டியது, எந்த வால்வு சிமெண்ட் சாலை போடும்போது உள்ளேயே புதைந்துபோனது என்று ஒவ்வொன்றையும் சொன்னார். புதைந்த வால்வுகள் மீது மட்டும் பெரிய பெருக்கல் குறி போட்டார். அந்தக் குறிகளின் எண்ணிக்கையைப் பார்த்தபோதுதான் நம் ஊரில் சாலை போடுகிற லட்சணம் புரிந்தது.

தொட்டியிலிருந்து 90 மில்லிமீட்டர் குழாயாகப் புறப்படுகிறது. ஊர் நீள நீள, நடுவில் ஒட்டுப் போட்டு 63 ஆக்கி, அதிலிருந்தே கிளைக்கு மேல் கிளை எடுத்திருக்கிறார்கள். ஒன்றியப் பொறியாளரிடம் பிள்ளைகள் வரைந்த படத்தைக் காட்டினோம். குழாயின் விட்டம் 90இலிருந்து 63 ஆனால், அதே அழுத்தத்தில் அது கொண்டுபோகும் தண்ணீர் பாதிக்கும் கீழே போய்விடும் என்றார். அப்புறம் கணக்கும் போட்டுக் காட்டினார். ஜல் ஜீவன் திட்டம் சொல்வது ஓர் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர். ஆயிரம் பேருக்கு 55,000 லிட்டர். நம் 30,000 லிட்டர் தொட்டியை இரண்டு முறை நிரப்பினாலே அந்த அளவு வந்துவிடும். கடைசித் தெருவுக்குத் தனிக் குழாயும், தெருவுக்கு ஒரு வால்வும்தான் தேவை. புதுத் தொட்டி கட்டியிருந்தாலும் தொட்டிக்குப் பக்கத்துத் தெருக்காரர்களுக்குத்தான் இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

வாய்க்காலுக்குக் கடைமடை இருப்பதுபோல நம் குழாய்க்கும் ஒரு கடைமடை இருக்கிறது. அது யாருடைய தெரு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ கிராம சபைகளில் அந்தத் தெருப் பெண்கள் எழுந்து தண்ணீர் வரவில்லை என்று சொன்னார்கள், "பரிசீலிக்கப்படும்" என்று எழுதி மூடினோம். அரசியல் சட்டத்தின் 243ஜி பிரிவு, பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக நீதிக்கும் திட்டம் தீட்டும் அதிகாரத்தை ஊராட்சிகளுக்கு மாநிலங்கள் சட்டம் போட்டுக் கொடுக்கலாம் என்கிறது. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தத்தில் சேர்ந்தது அது. சமூக நீதி என்றதும் பெரிய பெரிய மேடைகள்தான் நமக்கு நினைவுக்கு வரும். நம் ஊரில் அது ஒரு குழாயின் விட்டத்தில் சிக்கிக்கொண்டு கிடந்தது. அதைத் தினமும் சாவியால் திருப்பிக்கொண்டிருந்த மனிதரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அந்த ஒரு காலை நடையால் திட்டத்தின் குடிநீர்ப் பகுதி முழுக்க மாறியது. மாறியதால்தான் நேற்று மறுப்பில்லாமல் நிறைவேறியது என்று நான் நம்புகிறேன்.

மற்றவர்களுக்கும் நன்றி பாக்கி இருக்கிறது. கோலப்பொடியில் ஊரையே தரையில் வரைந்து, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எந்த வீட்டுக்குப் பட்டா இல்லை என்று பூவும் கல்லும் வைத்துக் காட்டிய மகளிர் குழுப் பெண்களுக்கு. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கிய பிள்ளைகளுக்கு. வண்டிப்பாதை புறம்போக்குதான், ஆக்கிரமிப்பு ஆக்கிரமிப்புதான் என்று அ-பதிவேட்டைத் திறந்து காட்டிய கிராம நிர்வாக அலுவலருக்கு. புலப்படத்தைப் பொறுமையாகப் படித்துச் சொன்ன, ஓய்வுபெற்ற நில அளவையர் ஐயாவுக்கு. கணினியில் ஏற்றும்போது இரண்டு முறை அழிந்துபோனதை முகம் சுளிக்காமல் மறுபடி ஏற்றிய ஊராட்சிச் செயலருக்கு. ஒலிபெருக்கி கொடுத்தவருக்கும், பந்தலுக்குக் கம்பு கொடுத்தவருக்கும். தீர்மானத்துக்கு முன் எதிர்த்துப் பேசிய இருவருக்கும் நன்றி, அவர்கள் கேட்ட கேள்வியால்தான் வடிகால் மதிப்பீடு சரியானது.

தீர்மானத்தில் மூன்று வரிகள் கூடுதலாகச் சேர்த்திருக்கிறோம். குழாய்ப் படம் ஊராட்சி அலுவலகச் சுவரில் வண்ணத்தில் வரையப்படும். எந்தச் சாலை வேலை தொடங்கினாலும் தொட்டி இயக்குபவர் வந்து வால்வுப் பெட்டிகளைக் காட்டிய பிறகுதான் கலவை கொட்ட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் திட்டக் குழுவில் அவருக்கு ஓர் இடம். மூன்றாவது வரியைப் படித்தபோது அண்ணன் கூட்டத்தின் கடைசியில் இருந்தார். கை தட்டியதும் எழுந்து மோட்டார் நிறுத்தப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

அடுத்த ஆண்டுத் திட்டம் எழுதும்போது நான் குழுவில் இருப்பேனோ என்னவோ, எங்கே இருந்தாலும் முதல் நாள் அவரோடும் தூய்மைக் காவலர்களோடும் ஒரு சுற்று நடந்துவிட்டுத்தான் பேனா எடுப்பேன். அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதினால் சிமெண்ட் சாலை, வடிகால், தொட்டி என்று எல்லா ஊருக்கும் ஒரே பட்டியல்தான் வரும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தனிக் குழாய் வேலை தொடங்கக் கொஞ்சம் காலம் ஆகும். அதுவரை, தெருக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறவர்கள் மார்ச் 22 தண்ணீர் தினக் கிராம சபைக்குள் அதைக் கழற்றிவிடுங்கள். யார் யார் வீட்டில் இருக்கிறது என்று அண்ணனுக்கு நன்றாகவே தெரியும். அன்று காலை அந்த வீட்டு வாசல்களிலும் தூள் தூவிக்கொண்டுதான் நடந்தார், ஒரு பெயரும் சொல்லவில்லை.