தாகம் எடுக்காத வயது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை பிறந்தால் 'நிறையத் தண்ணீர் குடியுங்கள்' என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதுகின்றன. பெங்களூரு முதியவர்களுக்கு அது பாதி உதவிதான். சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த ஊரில் வியர்வை கசகசப்பதில்லை. உலர்ந்த காற்றில் வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடுகிறது. டிசம்பர், ஜனவரியிலோ சொம்பைத் தொடவே மனம் வராது. நீர்ச்சத்துக் குறைவு இங்கே ஸ்வெட்டர் போட்டவர்களுக்கும் வரும்.

வயது ஏற ஏறத் தாக உணர்வு மழுங்குகிறது. நீரைப் பிடித்துவைக்கும் திறன் சிறுநீரகத்துக்கும் குறைகிறது. ஆகவே, "தாகம் எடுத்தா நானே கேக்க மாட்டேனா?" என்று பாட்டி சொல்வதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இதய, சிறுநீரகக் கோளாறு இல்லாத முதிய பெண்களுக்கு நாளைக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர் பானம் தேவை. 200 மி.லி. டம்ளரில் எட்டு, பத்து. வீட்டு டம்ளர் எவ்வளவு கொள்ளும் என்று ஒருமுறை அளந்து பாருங்கள். பல 150-ஐத் தாண்டுவதில்லை. காபி, டீ, மோர், கஞ்சி எல்லாம் கணக்கில் சேரும். காபி குடித்தால் நீர் வற்றிவிடும் என்பது மிகைப்படுத்திய பயம். மாத்திரையை ஒரு மடக்கில் விழுங்காமல் முழு டம்ளரோடு போட்டுக்கொண்டால், மூன்று வேளையில் 600 மி.லி. தானாக உள்ளே போய்விடும்.

பலர் வேண்டுமென்றே குடிப்பதில்லை. லால்பாக் பூங்கா நடைக்கோ பஸ் பயணத்துக்கோ முன்னால் கழிப்பறையை நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். ராத்திரி எழ வேண்டுமே என்ற பயம் வேறு. பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் குடித்துவிட்டால் இரவுத் தொல்லை குறையும்.

புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது முதியவர்களிடம் பயன்படாது. அந்தத் தோல் ஏற்கெனவே தளர்ந்தது. சிறுநீரின் நிறத்தையும் முழுதாக நம்ப முடியாது. எழுந்து நின்றதும் தலைசுற்றல், திடீர்க் குழப்பம், சம்பந்தமில்லாத பேச்சு, வழக்கத்தை மீறிய தூக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். 'வயசாச்சு, அப்படித்தான்' என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து. மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது; புரையேறும்.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். எனும் உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை ஒரே டம்ளரில் கரைப்பது அடிக்கடி நடக்கும் தவறு; உப்பு அளவுக்கு மீறிப்போகும். பாக்கெட் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. நீர் மாத்திரை (சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். மருந்தைச் சில நாள் நிறுத்தச் சொல்லக்கூடும்.

கடைசியாக, இளநீர். உடம்புக்கு நல்லது என்று எல்லாருக்கும் வெட்டிக் கொடுக்கிறோம். அதில் பொட்டாசியம் அதிகம்; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கும் தண்ணீரின் அளவையே மருத்துவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் கோடைக் குறிப்புகளில் அந்த ஒரு வரியையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முதியோர் பராமரிப்புச் செவிலியர்,
அல்சூர், பெங்களூரு.